சைக்கிள் கொடுத்தோம், பாதை?

(புதுச்சேரியில் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சி ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய அமர்வு. கண் சொக்கும் நேரம் என்பது எனக்கும் தெரியும். அதனால் ஒரு கழித்தல் கணக்கோடு தொடங்குகிறேன். உங்கள் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் வீட்டில் ஓடும் நிலையில் சைக்கிள் இருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர்களில் எத்தனை பேர் அன்றைக்கு சைக்கிளில் பள்ளிக்கு வந்தார்கள் என்று அடுத்துக் கேளுங்கள். முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வரும் மிச்சம்தான் இன்றைக்கு நான் பேச வந்த விஷயம். வீட்டில் சைக்கிள் இருக்கிறது, பிள்ளைக்கு ஓட்டத் தெரியும், பள்ளியும் மூன்று நான்கு கிலோமீட்டர்தான். ஆனாலும் சைக்கிள் வீட்டுச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. பிள்ளை அப்பாவின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வருகிறது, அல்லது பேருந்துப் படிக்கட்டில் வருகிறது.

ஏன் என்று பெற்றோரைக் கேட்டால் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "ரோட்டுல எப்படி சார் விடுறது?"

சைக்கிளின் பலனை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம் சில ஆண்டுகளில் பதினோராம் வகுப்பு மாணவ மாணவியர் அனைவருக்கும் விரிந்தது. புதுச்சேரி அரசும் மாணவர்களுக்கு சைக்கிள் வழங்கியிருக்கிறது. பீகாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்கு சைக்கிள் கொடுக்கத் தொடங்கினார்கள். அதன் விளைவைக் கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் மாணவிகளின் எண்ணிக்கை 32 விழுக்காடு உயர்ந்திருந்தது. ஆண், பெண் சேர்க்கைக்கு இடையே இருந்த இடைவெளி 40 விழுக்காடு குறைந்திருந்தது. பள்ளியிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். நம் தொழிலில் இவ்வளவு தெளிவான விளைவைக் காட்டும் திட்டங்கள் குறைவு. எத்தனையோ பயிற்சிகளில் உட்கார்ந்து எழுந்த உங்களுக்கு அது தெரியும்.

இன்னொரு நிகழ்வு நமக்குப் பக்கத்திலேயே நடந்தது. புதுக்கோட்டை அறிவொளி இயக்கம். இங்கே இருக்கும் மூத்த ஆசிரியர்களில் சிலர் புதுவை அறிவொளியில் வேலை செய்தவர்களாக இருப்பீர்கள். 1991இல் புதுக்கோட்டை மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டுவதையும் சேர்த்தார். குவாரியில் கல்லுடைத்த பெண்கள், விவசாயக் கூலிப் பெண்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள் எல்லோரும் கற்றுக்கொண்டார்கள். ஒன்றரை ஆண்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். அதில் எனக்குப் பிடித்த ஒரு விவரம்: லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளை வாங்கினார்கள். பிறகு அதையே விரும்பவும் செய்தார்கள். முன்னால் இருக்கும் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் அல்லவா?

அந்தப் பெண்களுக்கு யாரும் தனிப்பாதை போடவில்லை. அப்படியானால் பாதை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். 1991இன் புதுக்கோட்டைக் கிராமச் சாலையை நினைத்துப் பாருங்கள். மணிக்கு ஒரு பேருந்து, நான்கு லாரி, சில மொபெட்டு. அந்தச் சாலையே அன்றைக்கு சைக்கிள் பாதைதான். அன்று அவர்கள் தாண்ட வேண்டியிருந்தது ஊர்ப்பேச்சை. இன்று நம் பிள்ளைகள் தாண்ட வேண்டியிருப்பது இந்திரா காந்தி சதுக்கத்தை.

இரண்டும் வேறு வகைத் தடைகள். முதலாவதை ஊக்கமும் பயிற்சியும் உடைத்தன. இரண்டாவதை ஊக்கப் பேச்சால் உடைக்க முடியாது. உடைக்க முயலவும் கூடாது. பிள்ளையைத் தைரியமாகப் போ என்று நாம் மேடையில் சொல்லிவிடலாம். பேருந்தின் பின் சக்கரத்துக்கு அது தெரியாது.

நான் கணக்கு வாத்தியார். இயற்பியல் ஆசிரியர்கள் மன்னிக்க வேண்டும், உங்கள் சூத்திரம் ஒன்றைக் கடன் வாங்குகிறேன். ஓடும் வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காருக்கும் 60இல் வரும் அதே காருக்கும் வேகம் இரண்டு மடங்குதான். மோதும் ஆற்றல் நான்கு மடங்கு. சைக்கிளில் போகும் பிள்ளையின் வேகம் 12 அல்லது 15. எனவே 30இல் ஓடும் தெருவில் அந்தப் பிள்ளை மற்றவர்களோடு கலந்து போகலாம். 60இல் ஓடும் சாலையில் கலந்து போகச் சொல்வது சரியல்ல. அங்கே தனி இடம் வேண்டும். வெள்ளைக் கோடு போதாது. கல்லோ, உயர்ந்த விளிம்போ, மரவரிசையோ நடுவில் இருக்க வேண்டும். சைக்கிள் பாதையைப் பற்றிய எல்லாத் தொழில்நுட்பப் பேச்சுக்கும் அடியில் இருக்கும் கணக்கு இவ்வளவுதான்.

2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. அதில் நடந்து போனவர்கள், சைக்கிளில் போனவர்கள், மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டரில் போனவர்கள் ஆகிய மூன்று பிரிவையும் கூட்டினால் மூன்றில் இரண்டு பங்கு வருகிறது. பெற்றோரின் அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது.

சரி, தனிப்பாதை போட்டால் உண்மையில் ஆட்கள் ஓட்டுவார்களா? மூன்று ஊர்களைச் சொல்கிறேன். ஒன்றில் நன்றாக நடந்தது. ஒன்றில் தாமதமாக நடந்தது. ஒன்றில் நடக்கவே இல்லை.

முதலில் ஸ்பெயின் நாட்டின் செவில். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர். "நம்ம வெயில்ல யாருங்க சைக்கிள் ஓட்டுவாங்க" என்பவர்களுக்காகவே இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தேன். 2006 வரை அங்கே நூறு பயணத்தில் ஒன்றுகூட சைக்கிளில் இல்லை. நகராட்சி ஒரு முடிவெடுத்தது. ஒரு சாலையில் சோதித்துப் பார்ப்போம், பிறகு அடுத்தது என்று போகாமல், ஏறத்தாழ 80 கிலோமீட்டர் பாதையை ஒரே வீச்சில், ஒன்றோடொன்று தொடுக்கும்படி போட்டார்கள். எல்லாம் மேடான, விளிம்பு கட்டிய தனிப்பாதைகள். 2010க்குள் அது 120 கிலோமீட்டர் ஆனது. நூறில் ஒன்றுக்கும் கீழே இருந்த சைக்கிள் பயணம் நான்கைந்து ஆண்டுகளில் ஆறு, ஏழு என்று ஏறியது. இதற்கான இடம் எங்கிருந்து வந்தது? சாலையோரம் கார் நிறுத்தும் இடங்களிலிருந்து வந்தது. ஆயிரக்கணக்கான நிறுத்துமிடங்களை எடுத்தார்கள். சண்டை வராமலா இருந்திருக்கும்?

அடுத்தது நெதர்லாந்து. அவர்கள் பிறவியிலேயே சைக்கிளில் பிறந்தவர்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 1950களிலும் 60களிலும் அங்கேயும் கார் பெருகி சைக்கிள் தேய்ந்தது. 1971இல் அந்தச் சிறிய நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் சுமார் 3,300 பேர். அதில் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். பெற்றோர்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்த இயக்கத்தின் பெயரே 'பிள்ளைக் கொலையை நிறுத்து' என்பதுதான். 1973இன் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, அரசு அசைந்தது. 1970களின் நடுவில் தி ஹேக், டில்பர்க் ஆகிய இரு நகரங்களில் ஆளுக்கொரு அருமையான மாதிரிப் பாதை போட்டுப் பார்த்தார்கள். அந்தப் பாதையில் சைக்கிள் கூடியது. ஊரில் மொத்தமாகப் பெரிய மாற்றம் வரவில்லை. வீட்டிலிருந்து பாதை வரைக்கும், பாதையிலிருந்து பள்ளி வரைக்கும் பழைய ஆபத்து அப்படியே இருந்தது அல்லவா? 1980களில் டெல்ஃப்ட் நகரில் ஊர் முழுவதையும் வலைபோலப் பின்னியபோதுதான் மொத்த சைக்கிள் பயணமே கூடியது.

மூன்றாவது ஊர் இங்கிலாந்தில் உள்ள ஸ்டீவனேஜ். சைக்கிள் பாதை ஆதரவாளர்கள் இதைப் பற்றிப் பேச விரும்புவதில்லை, அதனாலேயே நாம் பேச வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் புதிதாகக் கட்டிய நகரம். எரிக் கிளாக்ஸ்டன் என்ற பொறியாளர் 1970களின் தொடக்கத்துக்குள் 35 கிலோமீட்டருக்கும் மேலாகத் தனிப்பாதை அமைத்தார். சந்திப்புகளில் சைக்கிளுக்குச் சுரங்கப்பாதைகூட உண்டு. நிபுணர்கள் வந்து பார்த்து வியந்தார்கள். மக்கள் காரிலேயே போனார்கள். அந்த ஊரில் காருக்கும் அகலமான சாலை, நெரிசல் இல்லை, எங்கே போனாலும் நிறுத்த இடம். அப்படியிருக்க எதற்காக மிதிப்பது?

இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபின் என் கருத்தைச் சொல்கிறேன். தனிப்பாதை ஆட்களை சைக்கிளுக்குக் கொண்டுவரும். ஆனால் அது வீட்டு வாசலிலிருந்து போக வேண்டிய இடம் வரை அறுபடாமல் போக வேண்டும். கூடவே, காரும் பைக்கும் எங்கு வேண்டுமானாலும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம் என்ற சலுகையும் குறைய வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்துவிட்டுப் பலனைத் தேடினால் கிடைக்காது.

நம் நாட்டு அனுபவமும் இருக்கிறது. டெல்லியில் 2008இல் அம்பேத்கர் நகர் முதல் மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டருக்குப் பேருந்துக்குத் தனித்தடமும் சைக்கிளுக்குத் தனிப்பாதையும் போட்டார்கள். நெரிசலில் நின்ற மோட்டார் சைக்கிள்கள் சைக்கிள் பாதையில் ஏறின. கார் வைத்திருந்தவர்கள் தங்கள் இடம் பறிபோனதாகக் கொதித்தார்கள். 2015இல் அதை அகற்ற முடிவு செய்துவிட்டார்கள். புனே ஒருகாலத்தில் சைக்கிள் நகரம் என்று பெயரெடுத்த ஊர். அங்கே பாதைகள் நிறையவே போடப்பட்டன. நடுவில் மரம், மின்மாற்றி, தள்ளுவண்டி, குப்பைத்தொட்டி, திடீரென்று பாதை முடியும். கிலோமீட்டர் கணக்கில் பாதை இருந்தது, பயணத்துக்கு வழி இல்லை. இதை வைத்து "இந்தியாவில் சைக்கிள் பாதை எடுபடாது" என்று சொல்பவர்கள் உண்டு. கூரை போடாத கட்டடத்தில் வகுப்பு நடத்திவிட்டு, மழை வந்தால் பிள்ளைகள் ஓடுகிறார்கள், இவர்களுக்குப் படிப்பில் ஆர்வமில்லை என்று சொல்வோமா?

இனி நம் ஊருக்கு வருகிறேன்.

புதுச்சேரியில் எல்லாத் தெருவுக்கும் சைக்கிள் பாதை கேட்பவன் அல்ல நான். அண்ணா சாலை, சுப்பையா சாலை என்று நகரைச் சுற்றி ஓடும் பழைய புல்வார்களுக்கு உள்ளே இருக்கும் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். நேர் நேராக வெட்டிக்கொள்ளும் தெருக்கள். நாம் பிரெஞ்சுக்காரர்களுக்குக் கொடுக்கும் இந்தப் பெருமையில் பாதி டச்சுக்காரர்களுக்குச் சேர வேண்டும். 1693 முதல் 1699 வரை ஊரைப் பிடித்து வைத்திருந்தபோது அவர்கள் போட்ட கட்டங்கள்தான் இன்றைய தெருக்களுக்கு அடிப்படை. இந்தத் தெருக்களில் தனிப்பாதைக்கு அகலம் கிடையாது, தேவையும் கிடையாது. இங்கே வேண்டியது வேகக் குறைப்பு. 30க்கு மேல் யாராலும் ஓட்ட முடியாதபடி தெருமுனைகளை மேடாக்கினால் தெரு முழுவதுமே சைக்கிள் பாதைதான். ஒருவழித் தெருக்கள் நிறைய இருப்பதால், இரண்டு கட்டம் சுற்றிப் போக வேண்டிய சைக்கிள்காரர் எதிர்த்திசையில் வருகிறார், காவலரிடம் திட்டு வாங்குகிறார். பிரான்சில் 2008இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். 30 கிலோமீட்டர் வேகப் பகுதியில் உள்ள ஒருவழித் தெரு, சைக்கிளுக்கு மட்டும் இருவழி. தேவையான இடத்தில் மட்டும் விலக்கு உண்டு. பிரெஞ்சுப் பலகைகளைப் பாதுகாத்து வைத்திருக்கும் ஊர் இதையும் எடுத்துக்கொள்ளலாம்.

மோட்டார் வண்டியை ஓரிடத்தில் நிறுத்தி வைத்தால் ஊர் அழிந்துவிடாது என்பதற்கு நம் கடற்கரைச் சாலையே சாட்சி. மாலையானால் தடுப்பு வந்துவிடுகிறது. தாத்தா பாட்டி, கைக்குழந்தை, சுண்டல் விற்பவர், வெளியூர்க்காரர் எல்லோரும் நடுச்சாலையில் நடக்கிறார்கள். அதைக் குறை சொல்லும் உள்ளூர்க்காரரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

ஆனால் நம் பிள்ளைகள் வெள்ளை நகரத்தில் குடியிருக்கவில்லை. ரெட்டியார்பாளையம், மூலக்குளம், வில்லியனூர் பக்கத்திலிருந்து வருகிறார்கள். முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம், தவளக்குப்பத்திலிருந்து கடலூர் சாலை வழியாக வருகிறார்கள். லாஸ்பேட்டையில் இருக்கும் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலையைக் குறுக்கே கடந்து போகிறார்கள். வில்லியனூர் சாலை, கடலூர் சாலை, நூறடிச் சாலை, கிழக்குக் கடற்கரைச் சாலை, காமராஜர் சாலை. தனிப்பாதை வேண்டிய சாலைகள் இவைதான். எண்ணினால் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடுகின்றன. நம் ஊரின் வசதியே அதுதான். சென்னை அளவுக்கு அலைய வேண்டியதில்லை. ஐந்து கிலோமீட்டருக்குள் பெரும்பாலான பள்ளிப் பயணம் முடிந்துவிடும். தரை சமம், மேடு என்று சொல்ல கோரிமேட்டுப் பக்கம் கொஞ்சம் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு ஐந்து கிலோமீட்டர் என்பது இருபது, இருபத்தைந்து நிமிடம்.

இந்தச் சாலைகளில் இடம் எங்கே என்று கேட்பார்கள். ஒரு வழிப் பாதைக்குக் குறைந்தது இரண்டு மீட்டர் வேண்டும். சாலையோரம் நிற்கும் கார் வரிசை எடுத்துக்கொள்ளும் அகலமும் ஏறத்தாழ அதுவே. ஆக, கேள்வி அகலத்தைப் பற்றியதில்லை. அந்த இரண்டு மீட்டரை நிற்கும் வண்டிக்குக் கொடுப்பதா, ஓடும் பிள்ளைக்குக் கொடுப்பதா என்பதே. இதை எளிதான முடிவு என்று நான் சொல்லமாட்டேன். கடைக்காரருக்கு வாசலில் வண்டி நிற்காவிட்டால் வியாபாரம் போகுமோ என்ற கவலை உண்டு. சனி, ஞாயிறு வந்தால் சென்னை, பெங்களூருக் கார்கள் நகரை நிரப்புகின்றன, அதை நம்பிப் பல குடும்பங்கள் பிழைக்கின்றன. அவர்களோடு பேச வேண்டும். நகருக்கு வெளிவிளிம்பில் நிறுத்த இடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே எடுக்க வேண்டும். பேசாமல் செய்தால் டெல்லியின் கதைதான்.

சந்திப்புகளைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. நேர்ச்சாலையில் பாதுகாப்பாகக் கொண்டுவந்து, சந்திப்பில் பிள்ளையைக் கைவிட்டுவிடும் பாதைகள்தான் அதிகம். இடது பக்கம் போகும் சைக்கிளை, இடது பக்கம் திரும்பும் பேருந்து வெட்டுகிறது. மரப்பாலம் சந்திப்பில் காலை எட்டே முக்காலுக்கு நின்று பாருங்கள், படம் வரைந்து விளக்க வேண்டியிருக்காது. பக்கத்துச் சாலையின் வாயைக் குறுக்கி, சைக்கிள் பாதையை அதே உயரத்தில் குறுக்கே கொண்டுபோக வேண்டும். சிக்னலில் சைக்கிளுக்கும் நடப்பவருக்கும் சில விநாடிகள் முன்னதாகப் பச்சை கொடுக்க வேண்டும். இந்திரா காந்தி, ராஜீவ் காந்தி சதுக்கங்களை இணைக்கும் மேம்பாலத் திட்டம் பற்றிச் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். கார் மேலே போகட்டும். கீழே கிடைக்கும் தரையில் சைக்கிளுக்கும் நடப்பவருக்கும் எவ்வளவு என்பதை வரைபடத்திலேயே எழுதிவிட வேண்டும். தூண் எழுந்தபிறகு கேட்டால் இடமில்லை என்பார்கள்.

நிழலையும் மறக்கக் கூடாது. செவிலை உதாரணம் காட்டினேன் என்பதற்காக வெயில் ஒரு பொருட்டில்லை என்று ஆகாது. சாலையை அகலமாக்கும்போதெல்லாம் முதலில் போவது ஓரத்து மரம். பாதைக்கும் சாலைக்கும் நடுவே மரம் வைத்தால் அதுவே தடுப்பு, அதுவே குடை.

யாருக்காக இந்தப் பாதை என்பதிலும் நமக்குத் தெளிவு வேண்டும். ஞாயிறு காலையில் தலைக்கவசமும் விலை உயர்ந்த சைக்கிளுமாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும் நண்பர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் விடியற்காலையில் செய்தித்தாள் போடுபவர், கேரியரில் கேன் கட்டி டீ விற்பவர், மீன் கூடையோடு தெருத்தெருவாகப் போகும் வியாபாரி, கரணையைப் பையில் போட்டு ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு போகும் கொத்தனார், இவர்கள் எல்லா நாளும் ஓட்டுகிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் விவசாயமும் வீட்டுத்தொழிலும் அல்லாத வேலைக்குப் போவோரில் நூற்றுக்கு 13 பேர் சைக்கிளில் போவதாகச் சொன்னார்கள். காரில் போவதாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. சாலையில் யாருக்கு எவ்வளவு இடம் என்பதை இந்த இரண்டு எண்களோடு சேர்த்துப் பாருங்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பதினொன்றாம் வகுப்பு வந்ததும் பையன் சைக்கிளைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கத் தொடங்குகிறான். அப்பாவின் பைக்கை எடுத்துக்கொண்டு வந்து, பள்ளிக்கு நூறு மீட்டர் முன்னால் தெரிந்த கடையில் நிறுத்திவிட்டு நடந்து வருகிறான். உங்களுக்கும் தெரியும், அந்தக் கடை எதென்றும் தெரியும். 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, வயது வராத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் கிடைக்கலாம். சட்டத்தைச் சொல்லிப் பயமுறுத்துகிறோம். சட்டப்படி அவன் ஓட்டக்கூடிய சைக்கிளுக்கு சாலையில் இடம் இல்லை என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறோம்.

இதில் ஆசிரியர் என்ன செய்ய முடியும், சாலை போடுவது பொதுப்பணித்துறை அல்லவா என்று நீங்கள் நினைப்பது முகத்தில் தெரிகிறது. உங்களிடம் பொதுப்பணித்துறையிடம்கூட இல்லாத ஒன்று இருக்கிறது. எந்த வீட்டிலிருந்து எந்தப் பிள்ளை எந்த வழியாக வருகிறது என்ற விவரம்.

1962, புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்த ஆண்டு. அதே ஆண்டில் இந்தியச் சாலைக் காங்கிரஸ் சைக்கிள் பாதைக்கான நெறிமுறையை வெளியிட்டது. அதில் ஓர் அளவுகோல் உண்டு. ஒரு சாலையில் மணிக்கு 200 மோட்டார் வண்டிகளுக்கு மேல் ஓடினால், நெரிசல் நேரத்தில் மணிக்கு 100 சைக்கிள் போனாலே தனிப்பாதைக்கு நியாயம் உண்டு. கடலூர் சாலையில் 200 மோட்டார் வண்டிகளை எண்ண ஒரு மணி நேரம் தேவையா என்ன? 100 சைக்கிளை ஒரு பெரிய மேல்நிலைப் பள்ளியின் வாசலே கொடுத்துவிடக் கூடும். எண்ணிப் பார்க்க ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் போதும். ஒன்றே ஒன்று, பள்ளிச் சுற்றுச்சுவருக்கு உள்ளே அல்லது மாடி வராந்தாவில் நின்று எண்ண வேண்டும். பிள்ளைகளைச் சாலையோரம் நிறுத்தாதீர்கள்.

எண்ணிக்கை நூறைத் தொடாவிட்டால்? அப்போதுதான் நான் தொடக்கத்தில் சொன்ன கழித்தல் கணக்கு கைகொடுக்கும். உயர்நிலைப் பள்ளியே இல்லாத ஊரில் பத்தாம் வகுப்பு படிப்பவர்களை எண்ணிவிட்டு, ஆளில்லை, பள்ளி வேண்டாம் என்று யாராவது முடிவு செய்தால் நாம் சும்மா இருப்போமா? சைக்கிள் வைத்திருந்தும் ஓட்டாத பிள்ளைகளின் எண்ணிக்கையும், ஏன் ஓட்டவில்லை என்று பெற்றோர் எழுதிக்கொடுத்த காரணமும் அந்தக் கணக்கோடு சேர வேண்டும். மாணவிகளைத் தனியாகக் கேளுங்கள். இருட்டிய பிறகு சிறப்பு வகுப்பு முடிந்து போகும் பாதையில் விளக்கு எரிகிறதா, எந்த மதுக்கடையைத் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது என்பதையெல்லாம் அவர்கள் சொல்வார்கள். பாதையின் அகலத்தைப் போலவே அதுவும் முக்கியம்.

சமூக அறிவியல் ஆசிரியர் வகுப்பில் ஒரு பெரிய தாளில் பள்ளியைச் சுற்றி மூன்று கிலோமீட்டருக்கு வரைபடம் போடச் சொல்லலாம். ஒவ்வொரு பிள்ளையும் தன் வழியைப் பச்சையிலும், பயப்படும் இடத்தைச் சிவப்பிலும் குறிக்கட்டும். சிவப்புப் புள்ளிகள் ஊரெல்லாம் சிதறிக் கிடக்கும் என்று நினைப்பீர்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று இடத்தில் குவியும். அதைத்தான் முதலில் சரி செய்யக் கேட்க வேண்டும். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு வேறு வேலை. மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி மைதானத்திலேயே சைக்கிள் கற்றுக்கொடுக்கலாம். நம் காலத்தில் மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு எடுத்து, குரங்குப் பெடல் போட்டு, முட்டியைப் பெயர்த்துக்கொண்டு கற்றோம். இன்று அந்த வாடகைக் கடையும் இல்லை, விழுவதற்குத் தெருவும் இல்லை.

பாரீஸில் 2020 முதல் பள்ளி வாசல் தெருக்களை மோட்டார் வண்டிக்கு மூடி வருகிறார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட தெருக்கள் இப்படி மாறிவிட்டன. ரிவோலி வீதி போன்ற பெருஞ்சாலைகளில் சைக்கிளுக்கு இடம் ஒதுக்கினார்கள். 2024இல் வெளியான ஓர் ஆய்வுப்படி நகர எல்லைக்குள் நடக்கும் பயணங்களில் சைக்கிள் 11 விழுக்காடு, கார் 4 விழுக்காடு. நம் ஊரில் நாளைக்கே ரிவோலி வீதி வராது. ஆனால் பள்ளி வாசல் தெருவில் காலையில் அரை மணி, மாலையில் அரை மணி தடுப்பு வைப்பதற்குப் பெரிய நிதி வேண்டாம். போக்குவரத்துக் காவல்துறைக்குத் தலைமையாசிரியர் எழுதும் ஒரு கடிதமும், பள்ளி மேலாண்மைக் குழுவின் ஒரு தீர்மானமும், இரண்டு தடுப்புக் கட்டைகளும் போதும். கூடவே வகுப்பில் எடுத்த எண்ணிக்கையையும் அந்தச் சிவப்புப் புள்ளி வரைபடத்தின் நகலையும் இணைத்து அனுப்புங்கள். இன்னொரு நகலை நகராட்சிக்கும், கிராமப்புறப் பள்ளியாக இருந்தால் கொம்யூன் பஞ்சாயத்துக்கும் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு அதே மாதம், அதே கிழமை, அதே நேரத்தில் மறுபடி எண்ணுங்கள்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். வில்லியனூர் பக்கத்திலிருந்து வந்தவர்கள் முதலில் கேட்கட்டும், அவர்களுக்குத்தான் வீட்டுக்குப் போகும் வழி நீளம்.